தொப்பியைப் பிடித்த கை

ஐசே,

உம்முடைய கொப்பி மெல்பேர்ன் ரோவில்லிலிருந்து போன கிழமை தபாலில் வந்தது. உறையைக் கிழித்ததும் யூக்கலிப்டஸ் தைலம் மணத்தது. மூட்டுக்குத் தைலம் பூசிய கையோடுதான் நீர் எதையும் எழுதுவீர். பக்கங்களின் ஓரமெல்லாம் எண்ணெய் ஊறி, பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் தெரிகிறது. உம்முடைய மகன் ஒரு துண்டில், இது அப்பாவின் அலுமாரியில் இருந்தது, அங்கிளுக்குத்தான் விளங்கும் என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தான். நீர் கண்ணை மூடிப் பதினொரு மாதத்துக்குப் பிறகு அவனுடைய கண்ணில் பட்டிருக்கிறது. பட்டதே பெரிய காரியம்.

இன்றைக்கு வியாழக்கிழமை. பதினொன்றரைக்கு நான் மருத்துவரிடம் போகவேண்டும். மகள் ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து என்னைக் கூட்டிப்போக வருகிறாள். அவள் வருவதற்குள் இதை எழுதப் பார்க்கிறேன். நாங்கள் கோபமாகத்தான் பிரிந்தோம். அந்தக் கோபம் என்னிடம் இன்னும் இருக்கிறது. ஆனால் இப்போது கோபத்துக்கு மேலே பயம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைச் சொல்ல உம்மைவிட வேறு ஆள் இல்லை.

நேற்று மத்தியானம் இரண்டு மணிக்கு ரீவியில் பழைய கறுப்பு வெள்ளைப் படமொன்று போட்டார்கள். போர்ப் படம். பத்து நிமிடத்தில் அது என்ன படமென்று பிடித்துவிட்டேன். உம்முடைய கொப்பியில் நாலாம் பக்கம்: "சிப்பாய். பதுங்குகுழி. தண்ணி எடுக்கப் போகேக்கை வெடி. தொப்பி: ஓம்." எங்களுடைய ஆள், அந்த இங்கிலிஸ் பட நடிகன், நடித்த படம். பதுங்குகுழிக்குள் நாலு சிப்பாய்கள் இருந்தார்கள். நான் கதிரையை ரீவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன். நாலும் முன்பின் தெரியாத முகங்கள். அறுபது வருடமாகத் தெரிந்தவன் அந்த நாலு பேரில் எவன் என்று எனக்குத் தெரியவில்லை. ரீவியை நிற்பாட்டவும் பயம், பார்த்துக்கொண்டிருக்கவும் பயம்.

உமக்குத் தெரிந்ததையும் இதில் எழுதப்போகிறேன். எனக்கு எவ்வளவு ஞாபகம் மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேறு வழி தெரியவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஞாயிறு காலைக் காட்சி. ஆங்கிலப் படம், மலிவு ரிக்கற். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுச் சைக்கிள் கடையில் வேலைக்கு நின்றவன். நீர் கல்லூரி மாணவன், வெள்ளைக் களிசான். காலரியில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்ததால் வந்து இருந்தீர். திரையில் ஒருவன் என்னவோ சொன்னான்.

"ஐசே, அவன் என்ன சொன்னவன்?" என்று உம்மைக் கேட்டேன்.

"தண்ணி விடாய்க்குதாம்."

பின்னாலிருந்து ஒருவன், "ரெண்டு பேரும் வெளியில போய்க் கதையுங்கோ. அந்தாள் சாகப்போகுது, நிம்மதியாச் சாகட்டும்" என்றான்.

அந்த ஆள் செத்தார். வெடி பட்டதும் முழங்கால் மடங்க முன்னமே அவருடைய இடது கை போய்த் தலையில் இருந்த தொப்பியைப் பிடித்தது. தொப்பியைப் பிடித்தபடியே விழுந்தார். அடுத்த மாதம் வேறொரு படம். குதிரைக்காரர்களின் சண்டை. அதிலும் ஒருவன் செத்தான், அதே இடது கை, அதே தொப்பி. நீர் என்னுடைய தொடையில் அடித்தீர். "உவன் அவன்தான், ஐசே."

அவனுடைய பெயர் எங்களுக்குத் தெரியாது. மத்தியானத் தமிழ்ப் படத்துக்கு நேரம் போதாதென்று ஓப்பரேற்றர் ஆங்கிலப் படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் வரும் துண்டைப் போடாமல் விட்டுவிடுவான். படம் முடிந்து பெயர்கள் வர முன்னம் கதவைத் திறந்து வெளிச்சத்தை விடுவான். அதனால் நாங்கள் அவனுக்குத் தொப்பி என்று பெயர் வைத்தோம். ஒரு படத்தில் அவனைத் தேடுவதற்கு நீர் ஒரு வழி சொல்லித் தந்தீர். "முகத்தைப் பாராதையும். முகத்துக்கு மா பூசுவாங்கள், தாடி ஒட்டுவாங்கள். விழுறதைப் பாரும். விழேக்கை ஆளை மறைக்க ஏலாது." கொப்பி தொடங்கியது அந்த வருடம்தான். படம், வேடம், எப்படிச் செத்தான், கடைசியில் தொப்பி: ஓம், அல்லது தொப்பி: இல்லை. இல்லை என்று போட்டால் அது வேறு ஆள்.

இவ்வளவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நேற்று அந்த முகம் மட்டும் இல்லை.

பிறகு நாடு கெட்டது, நாங்கள் இருவரும் வேறு வேறு வழியால் இங்கே வந்து சேர்ந்தோம். சிட்னியில் நான் பிஸ்கற் தொழிற்சாலையில் இருபத்தியிரண்டு வருடம். எனக்கு இங்கிலிஸ் எழுதத் தெரியாது என்று சொல்லி எனக்குப் பிறகு வந்தவர்களையெல்லாம் மேற்பார்வையாளராக்கினார்கள். வேலையிடத்தில் நான் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அகராதியை வைத்துப் படித்தேன். ஓய்வு பெற்ற பிறகு கவுன்சில் நூலகத்தில் பழைய ஹொலிவூட் ஸ்ரூடியோக்களைப் பற்றிய தடித்த புத்தகமொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு புகைப்படம். ஒருவன் மண்ணில் சாய்கிறான், இடது கை தொப்பியில். நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்பதால் நான் எழும்பி வெளியே போய் நின்றேன்.

புத்தகத்தில் அவனுக்கு ஒன்றரைப் பக்கம். மூன்று கிழமை வாசித்தேன். பேக்கரிக்காரன் மகன். ஏழு வருட ஒப்பந்தத்தில் ஸ்ரூடியோ அவனை எடுத்தது. பெயரை மாற்றியது, முன்பற்களை அராவியது, வகிட்டை இடமிருந்து வலத்துக்கு மாற்றியது. தருகிற வேடத்தை வேண்டாமென்றால் இடைநிறுத்தம். வீட்டில் சும்மா இருந்த அந்த நாட்களை ஒப்பந்தத்தின் வாலில் கூட்டிவிடுவார்களாம். அப்படி அவனுடைய ஏழு வருடம் எட்டரை ஆயிற்று. தொப்பியின் கதையும் அதில் இருந்தது. முதல் படத்தில் அவன் விழும்போது தொப்பி உருண்டுபோய்க் கதாநாயகனின் முகத்தை மறைத்துவிட்டது. அந்தக் காட்சியை முதலிலிருந்து எடுக்கவேண்டி வந்தது. எல்லோருக்கும் முன்னால் ஏச்சு. அன்றிலிருந்து எந்தப் படத்தில் செத்தாலும் அவனுடைய கை முதலில் தொப்பிக்குப் போகும். நாங்கள் அதை அவனுடைய ஸ்ரைல் என்று நினைத்தோம். பயத்தில் வந்த பழக்கம், ஐசே.

வீடுகளுக்கு ரீவி வந்து, தியேட்டருக்குச் சனம் குறைய, ஸ்ரூடியோ அவனை விட்டுவிட்டது. அவன் அந்த ரீவிக்கே போனான். கொஞ்ச வருடம் குதிரைத் தொடர்களில் விழுந்து திரிந்தான். வயது ஏற, விழவேண்டியதில்லாத வேடங்கள் வந்தன. நீதவான், பாதிரியார், கடைசியில் ஒரு சின்ன ஊரின் வைத்தியராக ஆறு வருடத் தொடர். தொப்பி போட்டிருக்கிறான், ஆனால் ஒரு தடவைகூட விழவில்லை. பிறகு வேலை இல்லை. ஒரு முதியோர் இல்லத்தில் முடிந்தது. கடைசிக் காலத்தில் ஸ்ரூடியோ வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டானாம். அந்த வரியை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. உமக்கும் சொல்லவில்லை. வாசித்த அன்றே அது என்னை ஏதோ செய்தது.

டூங்கபியில் எங்கள் மூத்தோர் ஒன்றுகூடலில் அவனைப் பற்றி இருபது நிமிடம் பேசக் கேட்டு வாங்கினேன். கேட்டுத்தான் வாங்கினேன், தாங்களாக ஒருநாளும் எனக்குத் தரவில்லை. மூன்று மாதம் தயார்செய்தேன். நீர் முதல் வரிசைக் கதிரையில் இருந்தீர். நான் தொடங்க முன்னமே ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர், "உமக்கு உந்த இங்கிலிஸ் புத்தகமெல்லாம் விளங்குதோ?" என்று கேட்டார். "உங்களிட்டப் படிக்காதபடியால் விளங்குது, மாஸ்ரர்" என்றேன். சனம் சிரித்தது. நீரும் சிரித்தீர். அதுவரை நல்லாகத்தான் போனது.

கடைசியில் வைத்தியர் வேடத்துப் படத்தைப் பெரிதாக்கித் திரையில் போட்டேன். நீர் எழும்பினீர்.

"உது அவனில்லை."

"அவன்தான், ஐசே. வயது போயிட்டுது."

"எனக்குத் தெரியாதே அவனை? ஆரோ ஒருத்தனைக் கொண்டுவந்து காட்டுறீர். பொய் சொல்லாதையும்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அகராதி வைத்துப் படித்தவனை இங்கிலிஸ் தெரிந்தவன் பொய்யன் என்கிறான். அவர்களுக்கு அது போதும். நான் கம்பியூட்டரை மூடிக்கொண்டு, தேநீர்கூடக் குடிக்காமல் காரை எடுத்தேன். ஏழு மாதம் உம்மோடு பேசவில்லை. நீர் ரெலிபோன் எடுத்தபோது வைத்துவிட்டேன். இரண்டாம் தரம் எடுத்து, "நீர் ஆர் கதைக்கிறது?" என்று என்னையே கேட்டீர். நக்கலடிக்கிறீர் என்று நினைத்தேன். அது நக்கல் இல்லையென்று உம்முடைய மகன் உம்மை மெல்பேர்னுக்குக் கொண்டுபோன பிறகுதான் தெரிந்தது. அவன் முன்னமே சொல்லியிருக்கலாம். இதை அவனுக்கு நேரே சொன்னேன், இப்போதும் சொல்வேன்.

ரோவில்லுக்கு ஒரு தரம் வந்தேன். உமக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். நீர் ஜன்னலோரக் கதிரையில், மடியில் ஒரு போர்வை. நான் கட்டிலின் காலடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நானாகப் பேசுவதில்லை என்று விமானத்திலேயே முடிவெடுத்திருந்தேன். பிழை செய்தவர் நீர், நீர்தான் முதலில் பேசவேண்டும். உம்முடைய மகன் குனிந்து, "அப்பா, ஆர் வந்திருக்கிறது பாருங்கோ. உங்கட சிட்னி ஃபிரெண்ட்" என்றான். நீர் என்னை மேலும் கீழும் பார்த்தீர். நெடுநேரம் பார்த்தீர்.

"உது அவனில்லை" என்றீர்.

நான் திரும்பி வந்துவிட்டேன். மூன்று மாதத்தில் உம்முடைய சாவுச் செய்தி வந்தது.

இப்போது என்னுடைய முறை. இரண்டு மாதத்துக்கு முன்னம் டூங்கபி ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு பிள்ளை மறித்து, "அங்கிள், சுகமா இருக்கிறீங்களே?" என்று கேட்டது. நானும் சுகம் கேட்டேன், மழையைப் பற்றிக் கதைத்தேன், சிரித்தேன். ஆரென்று தெரியாது. வியர்த்துக்கொண்டு கதைத்தேன். "போயிட்டு வாறன் அங்கிள்" என்று திரும்பி, சாவிக்கொத்தை விரலில் போட்டுச் சுழற்றியபோதுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை. பதினொரு வருடமாக எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதற்குப் பிறகு கடைக்கு நேரம் பார்த்துப் போகிறேன், சனம் குறைந்த நேரம்.

கார் லைசன்சுக்கு வருடாவருடம் மருத்துவர் பத்திரம் தரவேண்டும். எங்கள் மருத்துவர் சென்னைப் பிள்ளை, மரியாதையான பிள்ளை. முகங்களைப் பற்றி நான் அவவுக்குச் சொல்லவில்லை. அன்றைய தேதி என்னவென்று கேட்டபோது ஒரு மாதம் பிந்திய தேதியைச் சொன்னேன், அவ்வளவுதான்.

"அங்கிள், அடுத்த முறை ஒரு சின்ன டெஸ்ட் வச்சுக்கலாம். அஞ்சு வார்த்தை சொல்வேன், கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்பிச் சொல்வீங்க. அப்புறம் ஒரு கடிகாரம் வரைவீங்க. அவ்ளோதான்."

"என்ன வரையிறது?"

"கடிகாரம், அங்கிள்."

"மணிக்கூட்டையோ சொல்லுறீங்கள்?"

அவ என்னைப் பார்த்துவிட்டுக் கம்பியூட்டரில் என்னவோ அடித்தா. ஐசே, அவ என்ன அடித்தா? கடிகாரம் என்ற சொல் எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் வாயில் அது மணிக்கூடு, அதுதான் கேட்டேன். அதை மறதி என்று போட்டுவிட்டாவோ என்று ஐந்து நாள் நித்திரை இல்லை. சோதனைக்கு வரமாட்டேன் என்று ரெலிபோனில் சொன்னேன். கிளினிக்கிலிருந்து மகளுக்கு எடுத்துவிட்டார்கள். மகள் வந்து குசினி மேசையில் முதியோர் இல்லங்களின் பளபளப்பான புத்தகங்கள் மூன்றை வைத்தாள். அட்டையெல்லாம் பூந்தோட்டமும் கதிரைகளும்.

"சும்மா பாருங்கோ அப்பா. ஜஸ்ட் பார்த்து வையுங்கோ."

"என்னை எங்க விடப்போறாய் எண்டு பாக்கவோ?"

"ஒருத்தரும் உங்களை விடேல்ல. டெஸ்டுக்கு வாங்கோ, அப்ப தெரியும்."

"தெரிஞ்சால்?"

அவள் புத்தகங்களை எனக்குக் கிட்டத் தள்ளி வைத்தாள். அந்தப் புத்தகங்களை நான் எரிவாயு அடுப்புக்குக் கிட்ட வைத்திருக்கிறேன். எரிக்கவில்லை. தொடவும் இல்லை.

நேற்றுக்கு வருகிறேன். பதுங்குகுழியில் நாலு பேரில் ஒருவன் தண்ணீர் எடுக்க வெளியே போனான். வெடிச் சத்தம். முழங்கால் மடங்க முன்னம் இடது கை மேலே போய் இரும்புத் தொப்பியைப் பிடித்தது. "உவன்தான்" என்று வீட்டில் ஒருவருமில்லாமல் சத்தமாகச் சொன்னேன். சொன்ன பிறகும் முகம் வரவில்லை. படத்தைப் பின்னுக்கு ஓட்டித் திரும்பப் பார்த்தேன், மூன்று தரம். கை தெரிந்தது. முகம் அந்நியமாகவே இருந்தது. முகம் போனாலும் கை மிஞ்சும் என்பதை ஆறுதலாக எடுப்பதா, அடுத்ததாகக் கையும் போகும் என்று எடுப்பதா? அந்தக் கேள்வியோடு உம்முடைய கொப்பியை எடுத்தேன். வந்த நாளிலிருந்து கடைசிப் பக்கங்களைப் பார்க்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே உம்முடைய எழுத்து சரிந்து, கோட்டைவிட்டு இறங்கிப் போகிறது. படங்களின் பெயர் இல்லை. ஒரு பக்கத்தில் என்னவோ கணக்கில்லாமல் கிறுக்கியிருக்கிறீர். அதற்கு அடுத்த பக்கத்தில் மூன்று வரி:

"ஒருத்தர் வந்தவர். சிட்னியாம். கண்ணாடி கழட்டேல்லை. தொப்பி: இல்லை."

நான் அதை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது.

நீர் காலரியில் வைத்தே என்னைப் பகிடி பண்ணுவீர். "உமக்குச் சிரிப்பு வரப்போகுதெண்டால் எனக்கு முன்னமே தெரியும். முதல்ல கண்ணாடியைக் கழட்டுவீர், பிறகுதான் சிரிப்பீர்." எனக்குத் தெரியாமலே நான் செய்கிற வேலை அது. சிரித்தால் கண்ணில் தண்ணீர் வரும், அதற்காக. ரோவில்லில் நீர் என்னை மறந்துபோய்ப் பார்க்கவில்லை. முகம் உம்மிடம் நிற்காது என்று தெரிந்து, உம்முடைய பழைய வழியால் தேடியிருக்கிறீர். நான் கண்ணாடியைக் கழற்றுகிறேனா என்று அவ்வளவு நேரமும் காத்திருந்திருக்கிறீர். நான் மரம்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை, சிரிக்கவில்லை. "உது அவனில்லை" என்று நீர் சொன்னது சரி. அன்றைக்கு நான் நானாக வரவில்லை.

மண்டபத்திலும் அப்படித்தானே. நான் உமக்குக் காட்டியது அசையாத படம். அதில் அவன் விழவில்லை. விழாதவனை நீர் எப்படிக் கண்டுபிடிப்பீர்? ஆனாலும் எல்லோருக்கும் முன்னால் பொய்யன் என்றதை நான் மன்னிக்கவில்லை. அதுவும் இதுவும் வேறு வேறு.

நேற்றுப் பின்னேரம் மகளுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"டெஸ்டுக்கு வாறன்" என்றேன்.

"ஆர் ஆள் மாறிக் கதைக்கிறது?" என்றாள். பகிடிதான். எனக்கு அன்றைக்கு ரெலிபோனில் நீர் கேட்டதுதான் காதில் விழுந்தது.

"ஒண்டு சொல்லுறன், கேள். ஒரு நாளைக்கு உன்ர முகம் எனக்குத் தெரியாமல் போகலாம்."

"அப்பா, ப்ளீஸ்."

"கேள் எண்டுறன். தெரியாமல் போனால் எனக்கு முன்னால வந்து சும்மா நிக்காதை. 'நான் ஆர் சொல்லுங்கோ' எண்டு சோதனை வையாதை. நீ வழமையாச் செய்யிறதைச் செய்."

"நான் என்ன செய்யிறனான்?"

"அது எனக்குத் தெரியும். உனக்குச் சொன்னால் நடிப்பாய்."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ரெலிபோனில் விளங்கவில்லை. "உமக்கு ஒண்டு சொல்லோணும், என்னைப் பற்றிக் கொப்பியில எழுதினவர் ஒருத்தர் இருக்கிறார்" என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, ரெலிபோனை வைத்துவிட்டேன். அவளுக்கு நான் 'உமக்கு' என்று சொல்வதில்லை, 'உனக்கு' என்றுதான். அந்த நேரம் உம்மோடு கதைப்பதாக நினைத்துவிட்டேன். இதையும் எழுதி வைக்கிறேன், பயமாக இருந்தாலும்.

கொப்பியில் உம்முடைய மூன்று வரிக்குக் கீழே இன்றைக்கு நான் எழுதத் தொடங்கினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை: சாவிக்கொத்தைச் சுழற்றும். மருத்துவர்: பேசி முடிந்ததும் பேனாவைக் காதில் செருகுவா. பேரன்: கதிரையில் ஒரு காலை மடித்துத்தான் இருப்பான். மகளுக்கு எழுதியதை எவருக்கும் காட்டமாட்டேன், உமக்கு மட்டும். திறப்பு அவளிடம் இருந்தாலும் கதவைத் திறக்க முன்னம் வாசலில் நின்று இரண்டு தரம் செருமுவாள், சின்ன வயதிலிருந்தே. அவளுடைய தாயும் போய்விட்டதால், அது தெரிந்த ஆள் இப்போது நான் ஒருவன்தான்.

நேரம் பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கிறது. மணிக்கூட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்; முட்கள் இரண்டும் எங்கே நிற்கின்றன என்று எனக்குத் தெரியும். அவ சொல்லப்போகிற ஐந்து சொற்களில் எத்தனை மிஞ்சும் என்று தெரியாது.

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம். காலடி. முகம் இன்னும் கண்ணுக்கு வரவில்லை.

ஒரு செருமல். இன்னொன்று.

தொப்பி: ஓம்.